நேரம் வரையறுத்து உண்ணும் முறையும் தள்ளிப்போகும் மாதவிடாயும்: இளம்பெண்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இளவேனில் (வினா)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 23, உயரம் 158 சென்டிமீட்டர். நான்கு மாதங்களுக்கு முன், 56 கிலோ எடையோடு இருந்தபோது, 16:8 என்று எல்லோரும் சொல்லும் முறையைத் தொடங்கினேன். நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டுமே சாப்பிடுவேன். எஞ்சிய 16 மணி நேரமும் தண்ணீரும், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காப்பியும்தான். முதல் ஆறு வாரங்கள் மிக நன்றாக இருந்தன. இரவில் எதையாவது கொறிக்கும் பழக்கம் தானாக நின்றது, வயிற்று உப்புசம் குறைந்தது, உடல் இலேசானது போல் இருந்தது. அந்த ஊக்கத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் உண்ணும் நேரத்தைப் பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை என்று ஆறு மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டேன். வாரத்தில் நான்கு நாள் காலையில் வெறும் வயிற்றில் 40 நிமிடம் ஓடவும் தொடங்கினேன். இப்போது என் எடை 51 கிலோ.

என்னைக் கலங்க வைப்பது வேறொன்று. எனக்கு 28 அல்லது 29 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இம்முறையைத் தொடங்கிய பின் முதல் சுழற்சி 33 நாளானது, அடுத்தது 41 நாளானது, இப்போது 47 நாள் கடந்தும் வரவில்லை. தலை சீவினால் சீப்பின் பற்களுக்கிடையே முடி சுருண்டு சுருண்டு வருகிறது. வெயில் நேரத்திலும் விரல்நுனிகள் சில்லிட்டிருக்கின்றன. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் பிடிப்பதில்லை.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் "உடல் பழகிக்கொள்ளும் காலம் இது, விட்டுவிடாதீர்கள்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "பெண்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது" என்கிறார்கள். என் நெருங்கிய தோழிக்குப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) உண்டு, அவருக்கு இதே முறையால்தான் மாதவிடாய் சீரானது. ஒரே முறை அவருக்கு நன்மையும் எனக்குத் தீமையும் செய்வது எப்படி? நேரத்தை வரையறுப்பதுதான் தவறா, நான் அதைச் செய்த விதம் தவறா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தளிர்

வணக்கம் சகோதரி. உணவியல் ஆலோசகராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் நாள்களை எண்ணி எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. உடல் பழகிக்கொள்ளும்போது சுழற்சி 29, 33, 41, 47 என்று படிப்படியாக நீண்டுகொண்டே போகாது. வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரையிலான சுழற்சியே இயல்பு என்று வரையறுத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.

இதன் அடிப்படை மூளையில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, கருமுட்டை முதிரும் நாள்களில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் துடிப்பை அனுப்புகிறது. அதை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக வெளியிடுகிறது. இந்தத் துடிப்பின் வேகம் குறைந்தால் கருமுட்டை முதிர்வது தாமதமாகும். முதிராமலேயே போகவும் கூடும். உடலில் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்பதை லெப்டின் (கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன்), இன்சுலின் போன்றவற்றின் அளவைக் கொண்டு மூளை இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. கையிருப்பு குறைவு என்று கண்டால், உயிர் வாழ்வதற்கு உடனடித் தேவையில்லாத செலவுகளை நிறுத்துகிறது. இனப்பெருக்கம், முடி வளர்ச்சி, கைகால்களைச் சூடாக வைத்திருப்பது ஆகியவை அந்தப் பட்டியலின் மேலே இருக்கின்றன. நீங்கள் தனித்தனியாகச் சொன்ன தொல்லைகள் எல்லாம் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்களாக இருக்கக்கூடும்.

ஆன் லௌக்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மாதவிடாய் சீராக இருந்த இளம்பெண்களை ஐந்தே நாள்கள் வெவ்வேறு அளவு ஆற்றலில் வைத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சிய உணவு ஆற்றல், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 30 கலோரிக்குக் கீழே போனபோது எல்.எச். துடிப்பு குறையத் தொடங்கியது. எடையில் பெரிய மாற்றம் வருவதற்கு முன்பே, ஐந்து நாளில் இது நடந்தது. 30 என்பதை ஒரு கல்வெட்டு எல்லையாகக் கொள்ள வேண்டாம், அது ஆளுக்கு ஆள் மாறும்; ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல கருவி.

உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். 51 கிலோவில் கால் பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது சுமார் 38 கிலோ. அதை 30ஆல் பெருக்கினால் 1,140 கலோரி. நிறைவான அளவாகக் கருதப்படும் 45ஆல் பெருக்கினால் 1,710 கலோரி. 40 நிமிட ஓட்டத்திற்கு ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். ஆகவே ஓடும் நாளில் நீங்கள் 1,440 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டாலே 30 என்னும் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறீர்கள்; நிறைவாக இருக்க 2,000 கலோரியை ஒட்டிச் சாப்பிட வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு ஒரு சாப்பாடு, இரவு 7 மணிக்கு ஒரு சாப்பாடு என்றால் அந்த அளவு வயிற்றுக்குள் போகாது. மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகை போதுமானதாக இருந்தாலும், ஒரே நாளுக்குள் நீண்ட நேரம் பற்றாக்குறையில் இருப்பதும் தனியாகப் பாதிப்பதாகத் தெரிகிறது. நெடுந்தொலைவு ஓட்டம் போன்ற விளையாட்டுகளில் ஈடுபடும் பெண்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், மாதவிடாய்க் கோளாறு இருந்தவர்கள் அது சீராக இருந்தவர்களைவிட ஒரு நாளில் அதிக மணி நேரத்தை அப்படிப்பட்ட பற்றாக்குறையில் கழித்திருந்தார்கள். நீங்கள் இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலையில் வெறும் வயிற்றில் ஓடி, பிறகும் பல மணி நேரம் கழித்துப் பிற்பகல் 2 மணிக்குத்தான் உண்கிறீர்கள். உங்கள் ஒழுங்கில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடைவெளிதான்.

நெய்தல்

இளவேனில், உன் பதிவைப் படித்ததும் தங்கை ஒருத்தி எழுதியது போல் இருந்ததால் உரிமையோடு "நீ" என்றே எழுதுகிறேன். எனக்கு இப்போது 29 வயது. 25ஆம் வயதில் நீ போன வழியிலேயே நானும் போய், ஏழு மாதங்கள் மாதவிடாய் இல்லாமல் இருந்தேன்.

அந்த ஏழு மாதங்களில் எனக்கு இழைக்கப்பட்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதலில் பார்த்த மருத்துவர் ஸ்கேன் எடுத்துவிட்டு, சினைப்பையில் சிறு சிறு நீர்ப்பைகள் தெரிகின்றன, ஆகவே இது பி.சி.ஓ.எஸ்., இன்னும் மூன்று கிலோ குறைத்தால் சரியாகிவிடும் என்றார். நான் என்ன சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன், எவ்வளவு குறைந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வீட்டுக்கு வந்து உண்ணும் நேரத்தை ஐந்து மணி நேரமாக்கினேன். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஹார்மோன் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, "உங்கள் உடல் பட்டினியில் இருக்கிறது" என்றார். ஆற்றல் குறைவால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஸ்கேனில் சினைப்பை அப்படித் தோன்றுவது உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அவ்விரண்டுக்கும் மருத்துவம் நேர் எதிரானது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மனத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் 11:40 மணிக்கே உணவுப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, 12 ஆகும்வரை கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை நடுங்கும். 11:58க்கு ஒரு வாய் எடுத்து வைத்தாலும் அன்றைய நாள் கெட்டுப்போனதாகத் தோன்றும். கெட்டதுதான் கெட்டது என்று இரவு 8 மணிவரை வயிறு வலிக்கும் அளவுக்குத் தின்பேன். மறுநாள் அதற்குத் தண்டனையாக 20 மணி நேரம் உண்ணாமல் இருப்பேன். அதை நான் கட்டுப்பாடு என்று அழைத்தேன். உணவுச் சீர்குலைவு என்னும் நோயின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. கனடாவில் 16 முதல் 30 வயது வரையிலானவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முந்தைய ஓராண்டுக்குள் இடைவிட்ட விரதம் இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களிடம் அளவு மீறித் தின்னுதல், தன்னை வருத்தும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தல் போன்றவற்றோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது. எது எதற்குக் காரணம் என்று அந்தக் கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

காலை உணவைத் திரும்பத் தொடங்கி, ஓட்டத்தை நிறுத்தி, நான்கு கிலோ எடை கூடிய பிறகுதான் மாதவிடாய் வந்தது. குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ 47ஆம் நாளிலேயே கேட்டுவிட்டாய், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

மருதம்

இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த உரையாடலைப் படிக்கும் என்னைப் போன்றவர்கள், இந்த முறையே விஷம் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பி.சி.ஓ.எஸ். உண்டு; வயது 27, தொடங்கும்போது எடை 84 கிலோ. ஆண்டுக்கு நான்கு முறை மாதவிடாய் வந்தாலே பெரிது என்றிருந்த எனக்கு, காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மூன்று வேளை நிறைவாகச் சாப்பிட்டு, அதற்குப் பின் நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தால் எட்டு மாதங்களில் சுழற்சி 35 நாளுக்குள் வந்தது.

இதற்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. கருமுட்டை வெளிப்படாத பி.சி.ஓ.எஸ். உள்ள 15 பெண்கள் ஐந்து வாரங்கள் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டபோது, 11 பேருக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் முன்னேற்றம் தெரிந்ததாக 2021இல் எழுதியிருக்கிறார்கள். ஆண் ஹார்மோனின் அளவும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) குறைந்தன. மிகச் சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் தெளிவானது. எங்களைப் போன்றவர்களில் பலருக்கு இன்சுலின் மிகுதியே சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த இன்சுலின் இறங்கினால் சினைப்பை தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. இளவேனிலுக்கு அப்படி இறக்க வேண்டிய மிகுதி எதுவும் இல்லை. 56 கிலோவிலேயே அவர் இயல்பான எடையில்தான் இருந்தார். உங்கள் தோழிக்கும் உங்களுக்கும் ஒரே முறை நேர் எதிரான விளைவைத் தந்தது இதனால்தான் என்று கருதுகிறேன்.

ஒன்றை மட்டும் நெய்தல் அக்காவிடம் பணிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்குக் கடிகாரம் சிறையானது. எனக்கு அது விடுதலையாக இருந்தது. சிறு வயதிலிருந்து ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிச் சலித்தவள் நான். மாலை 5 மணிக்குப் பின் மட்டும் வேண்டாம் என்ற ஒரே ஒரு விதி, நாள் முழுதும் கணக்குப் பார்ப்பதிலிருந்து என்னைக் காப்பாற்றியது.

நெய்தல்

மருதம், உண்மைதான். நான் எழுதியது முறையைப் பற்றியதைவிட என்னைப் பற்றியது அதிகம். நீ மூன்று வேளை நிறைவாகச் சாப்பிட்டாய் என்பதையும் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நான் ஒன்றரை வேளை சாப்பிட்டேன்.

வைகறை

நான் பெண்கள் நல மருத்துவர். இங்கே எழுதுவது பொதுவான விளக்கமே தவிர, நேரில் பார்த்துச் செய்யும் பரிசோதனைக்கு ஈடாகாது.

இளவேனில், முதலில் கர்ப்பப் பரிசோதனை. இதைக் கேட்பதில் யாரும் மனம் நோக வேண்டியதில்லை. மாதவிடாய் தள்ளிப்போய் வரும் எந்தப் பெண்ணுக்கும் நாங்கள் முதலில் செய்வது அதைத்தான். அது இல்லையென்றால் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) ஆகிய ஹார்மோன்களையும், முடி உதிர்வதால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்வேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். மாதந்தோறும் இரத்தம் இழப்பவருக்கு இரும்புத் தேவை ஆண்களுடையதைவிடக் கூடுதல். சாப்பிடும் வேளைகள் மூன்றிலிருந்து இரண்டாகும்போது முதலில் அடிபடுபவற்றுள் அதுவும் கால்சியமும் உண்டு.

ஆற்றல் குறைவால் ஹைப்போதலாமஸ் மந்தமாகும் நிலையில் எல்.எச்., ஈஸ்ட்ரடயால் இரண்டும் தாழ்ந்தே இருக்கும். பி.சி.ஓ.எஸ்.-இல் ஆண் ஹார்மோன் உயர்ந்திருப்பதோ, அதன் அடையாளமாக முகப்பருவும் முகத்தில் முடி வளர்ச்சியும் தெரிவதோ வழக்கம். ஸ்கேன் படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நெய்தலுக்கு நேர்ந்தது எங்கள் துறையில் அறியப்பட்ட தவறு, அது அரிதாக நடப்பதாகவும் நான் சொல்ல மாட்டேன். சுழற்சி தொடர்ந்து 45 நாளைத் தாண்டினாலோ, மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருந்தாலோ இந்த ஆய்வைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி என்னும் ஹார்மோன் துறை வல்லுநர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மூன்று மாதம் ஆகட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

யாரேனும் மாதவிடாய் வரவைப்பதற்காகக் கருத்தடை மாத்திரை கொடுத்தால், ஏன் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மாத்திரையை நிறுத்தும் வாரத்தில் வரும் இரத்தப்போக்கு, மாத்திரையின் ஹார்மோன் விலகுவதால் வருவது. உங்கள் மூளையும் சினைப்பையும் மீண்டும் பேசத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது சான்றாகாது. மாதவிடாயைத் திருப்பிக் கொண்டுவருவதற்காகவோ எலும்பைக் காப்பதற்காகவோ மட்டும் அதைத் தர வேண்டாம் என்றே அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கனவே வேறு காரணத்துக்காக அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு நேரம் வரையறுத்து உண்ணும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எச்சரிக்கை மணி மூடப்பட்டிருக்கிறது. மாதாமாதம் இரத்தப்போக்கு வருவதால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது எலும்பு. எலும்பின் நிறை இருபதுகளின் பிற்பகுதிவரை சேர்ந்துகொண்டே போய் உச்சத்தை அடைகிறது. பிற்காலம் முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறோம். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கழியும் மாதங்களில் சேமிப்பு நடப்பதில்லை, இருப்பதும் கரைகிறது. ஆறு மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராத இளம்பெண்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்கிறோம். வயது மூத்தவர்களிடம் பார்க்க வேண்டிய எண்களை 24 வயதுப் பெண்ணின் அறிக்கையில் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதின்ம வயதினர், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 18.5க்குக் கீழே இருப்பவர்கள், உணவுச் சீர்குலைவு எப்போதேனும் இருந்தவர்கள், இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோர் தாமாக இம்முறையைத் தொடங்கவே கூடாது.

இளவேனில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தளிர் சொன்னபடி மூன்று நாள் எழுதிக் கூட்டினேன்: 1,250, 1,310, 1,400. நடுநாள் ஓடிய நாள். 300ஐக் கழித்து 38ஆல் வகுத்தால் 26 சொச்சம் வருகிறது. வயிறு நிறையச் சாப்பிடுவதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்; அந்த எண்ணைப் பார்த்தபோது சிறிது நேரம் பேச்சு வரவில்லை. கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டேன், இல்லை. மருத்துவரை வியாழக்கிழமை பார்க்கப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும். 16 மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோஃபேஜி தொடங்கும், அதற்கு முன் சாப்பிட்டால் பயனெல்லாம் போய்விடும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அது உண்மையா? மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் நீண்ட நேரமும் இரண்டாம் பாதியில் குறைந்த நேரமும் உண்ணாமல் இருந்தால் பெண்களுக்குத் தீங்கில்லை என்கிறார்களே, அதைப் பின்னாளில் நான் முயலலாமா?

தளிர்

ஆட்டோஃபேஜி உண்மையான நிகழ்வு. செல் தன்னுள் பழுதுபட்ட பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்வது. ஈஸ்ட் செல்களில் அதன் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 16ஆம் மணியில் ஒரு கதவு திறக்கும் என்பது மனிதர்களிடம் அளந்து நிறுவப்பட்டதன்று. பட்டினியில் அது கூடுவதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிலும் செல்களிலும் செய்யப்பட்டவை. சுண்டெலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது உடல் எடையில் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கும் அளவுக்குக் கடுமையானது. அதை நம் உடலுக்கு மணிக்கணக்கில் அப்படியே பெயர்த்து எழுத முடியாது. செல்லில் நடப்பது ஒரு மங்கலான ஏற்ற இறக்கம். உண்ணாமல் இருக்கும் 16 மணி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு முட்டை சாப்பிட்டால் அதுவரை கிடைத்ததெல்லாம் அழிந்துவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நெய்தலின் 11:58 நினைவிருக்கட்டும்.

சுழற்சிக்கு ஏற்ப உண்ணாநேரத்தை மாற்றும் திட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றின் வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் அளவுக்குச் சோதனைகள் இல்லை. அவை நல்லது செய்கின்றன என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சிக்கல் ஆற்றல் குறைவு என்றால், முதல் பாதியில் 17 மணி நேரம் பட்டினி கிடந்து குறைத்ததை இரண்டாம் பாதியில் ஈடுகட்ட முடியாது. கருமுட்டை முதிர்வதே அந்த முதல் பாதியில்தான்.

எடை குறைவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் அதற்காகவே தொடங்குகிறார்கள். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 116 பேரில் ஒரு குழு 12 வாரம் நண்பகல் முதல் இரவு 8 வரை மட்டும் உண்டது. அவர்கள் குறைத்தது சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு, வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்களோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2022இல் சீனாவில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வில், கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் வரையறுத்தவர்கள் 8 கிலோவும், கலோரியை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோவும் குறைத்தார்கள். அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடன்று. ஜெர்மனியில் எடை கூடுதலான 31 பெண்களுக்குக் கலோரியைக் குறைக்காமல் உண்ணும் நேரத்தை மட்டும் எட்டு மணி நேரமாக்கிப் பார்த்தபோது, இன்சுலின் உணர்திறன் மேம்படவில்லை. கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டின் அளவைக் குறைப்பதன் வழியாகவே வேலை செய்கிறது. அளவு ஏற்கனவே குறைவாக இருக்கும் மெலிந்த இளம்பெண்ணுக்கு அதே வழியாகத்தான் தீங்கும் வருகிறது.

இதற்கு மறுபக்கமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எடைப்பயிற்சி செய்யும் இளம்பெண்கள் எட்டு வாரம் நண்பகல் முதல் இரவு 8 வரை மட்டும் உண்டும், புரதம் போதுமான அளவு எடுத்துக்கொண்டதால், தசையும் வலிமையும் மற்றவர்களைப் போலவே கூடியதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே எட்டு மணி நேரம் என்ற எண் மட்டுமே உங்களைக் கெடுத்தது என்று நான் கருதவில்லை. ஆறு மணி நேரமாகச் சுருங்கிய உண்ணும் நேரம், வெறும் வயிற்று ஓட்டம், 1,300 கலோரி ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் சாப்பிடுங்கள். முதல் சில நாள் காலையில் பசிக்காது. பசி வரும்வரை காத்திராமல், ஒரு கோப்பை பாலும் ஒரு பழமும் என்று சிறிதாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். ஓட்டத்தை மாதவிடாய் திரும்பும்வரை நிறுத்திவைத்து நடையோடு இருங்கள். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 12 மணி நேரம் இருக்கட்டும். இரவில் கொறிக்காமல் இருந்ததால் உங்களுக்குக் கிடைத்த நன்மை அதிலேயே பெருமளவு கிடைத்துவிடும். முடி உதிர்வது உடனே நிற்காது. உடலுக்கு நேர்ந்த அதிர்ச்சி இரண்டு, மூன்று மாதம் கழித்தே முடியில் தெரியும் என்பதால், நீங்கள் சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் உதிரும். அதைக் கண்டு கலங்கித் திரும்பப் பழைய வழிக்குப் போய்விடாதீர்கள்.

வைகறை

தளிர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாதவிடாய் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடும். ஆகவே இளவேனில், கருத்தரிப்பதை நீங்கள் விரும்பாத நிலையில் இருந்தால், மாதவிடாய் இன்னும் வரவில்லை என்பதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம். வியாழக்கிழமை போகும்போது கடந்த ஆறு சுழற்சிகளின் தேதிகளையும், நீங்கள் கூட்டிய அந்த மூன்று நாள் கணக்கையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கேட்கவில்லையென்றாலும் மேசைமேல் வையுங்கள்.

இளவேனில்

எழுதி வைத்துவிட்டேன். இன்று காலை 8 மணிக்கு ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டேன். நான்கு மாதத்தில் முதல் காலை உணவு. பாதிப் பழத்திலேயே வயிறு நிறைந்ததுபோல் இருந்தது. மீதியைப் பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டு முடித்தேன். பரிசோதனை முடிவுகள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.